மலைகள் உயர்ந்த நாடு: யுங்கின் சிவப்புப் புத்தகம்

கார்ள் குஸ்தாவ் யுங்கை நம்மில் பலர் கனவுகளுக்கு விளக்கம் சொன்ன உளவியலாளராகவே அறிவோம். அவர் தன் கையால் எழுதி வர்ணம் தீட்டிய ஒரு நூல் பல காலமாக சூரிச் வங்கிப் பெட்டகமொன்றில் பூட்டிக் கிடந்தது. 2009இல்தான் அதன் நிழற்படப் பிரதி அச்சேறியது. "லிபேர் நோவுஸ்", அதாவது புதிய நூல், என்பது அவர் இட்ட பெயர். சிவப்புத் தோல் அட்டையால் அது சிவப்புப் புத்தகமாயிற்று.

1913 ஒக்ரோபரில் ஷாஃப்ஹவுசனுக்குப் புகையிரதத்தில் போகையில் யுங் ஒரு காட்சி கண்டார். வடகடலுக்கும் அல்ப்ஸ் மலைகளுக்கும் இடைப்பட்ட நிலமெல்லாம் வெள்ளத்தில் மூழ்குகிறது, எண்ணற்றோர் சாகிறார்கள். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தார். 1914 ஓகஸ்டில் போர் வெடித்ததும், கண்டது தன் நோயல்ல, ஐரோப்பாவின் நோய் என்று எடுத்துக்கொண்டார். குறிப்பேடுகளில் கிடந்த இத்தகைய அனுபவங்களை இந்தப் பெருநூலில் 1930 வரை எழுதியும் வரைந்தும் வந்தார்.

மத்தியகாலத் துறவிகளின் கொதிக் எழுத்து. முதலெழுத்துக்குள்ளே சிற்றோவியம். அழகுதான், அந்த அழகே எனக்கு நெருடல். நடுங்கிய மனிதனின் வாக்கியத்துக்கு அது வேதத்தின் உடுப்பை மாட்டிவிடுகிறது. 2020இல் வெளியான கறுப்புக் குறிப்பேடுகளில் பயம் பயமாகவே இருக்கிறது. ஆனால் இந்நூலின் முழுப்பக்க ஓவியங்கள் வேறு. பாம்புகள், மண்டலங்கள், மீன்கொத்திச் சிறகு முளைத்த கிழவன் பிலெமோன்: இவை எவருக்கும் உபதேசம் செய்யவில்லை. "இது கலை" என்று தன்னுள் ஒரு பெண்குரல் சொன்னதாகவும் தான் மறுத்ததாகவும் யுங் சொல்கிறார். வாய் மறுத்தாலும் கை அந்தக் குரலுக்கே கீழ்ப்படிந்தது என்று எனக்குப் படுகிறது.

தன் வாழ்க்கை நினைவுகளில் அந்த வெள்ளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறார். வெள்ளம் சுவிஸை நெருங்கியபோது மலைகள் மேலும் மேலும் உயர்ந்து நாட்டைக் காத்தனவாம். இதை முதல்தரம் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இரவில் காட்டுப்பாதையால் எல்லை கடந்தவர்களுக்கு, உயர்கிற மலை யாருக்குக் காவல், யாருக்குச் சுவர் என்று தெரியும்.

இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. 1917இல் இராணுவ மருத்துவரான யுங், ஷத்தோ-தே என்ற மலையூரில் தங்கவைக்கப்பட்ட பிரித்தானியப் போர்வீரர்களுக்குப் பொறுப்பாக இருந்தார். அக்காலத்தில் நாளுக்கொரு வட்டமாக மண்டலங்கள் வரைந்தார். அவற்றிற் சில இந்நூலில் வர்ணமேறின. வீடு திரும்ப முடியாத அந்த மனிதர்களின் முகமொன்றை நூலில் தேடினேன். நான் பார்த்தவரையில் இல்லை. அகவுலகை இவ்வளவு துணிந்து தோண்டியவர் பக்கத்து அறையை எட்டிப் பார்க்கவில்லை.

189ஆம் பக்கத்தில் பிரதியெடுப்பு வாக்கியத்தின் நடுவே நிற்கிறது. 1959இல் மீண்டும் நூலைக் கையிலெடுத்து, சாதாரணக் கையெழுத்தில் பின்னுரை தொடங்கினார். அதுவும் பாதி வாக்கியத்தில் அறுகிறது. 1961இல் இறந்தார். பொன்னும் நீலமும் பூசிய பக்கங்களைவிட, அலங்காரமற்ற அந்தப் பக்கத்துக்கே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.