கலைத்திட்டத்தின் குறிக்கோள்களும் சட்டத்தின் மௌனமும்

இலங்கையின் பாடசாலைக் கல்விக்கு மூலச் சட்டமாக நீண்டகாலம் விளங்கிவந்திருப்பது 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமாகும். பாடசாலையை யார் நடத்துவது, நன்கொடை எவ்வாறு வழங்கப்படுவது என்பனபற்றி விரிவாகப் பேசும் இச்சட்டம், பிள்ளை எதன்பொருட்டுக் கற்கவேண்டும் என்பதுபற்றி மௌனஞ் சாதிக்கின்றது. சமயம், இனம், சாதி என்பவற்றைக் காட்டி உதவிபெறும் பாடசாலையில் அனுமதி மறுத்தலாகாது என்னும் ஏற்பாடு அதில் உண்டு. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் அக்கால வரலாற்றை அறிந்தோர் அதன் பெறுமதியை உணர்வர். ஆயினும் அதுவும் வாயிலைப்பற்றிய விதியேயன்றி வகுப்பறையைப்பற்றிய விதியன்று.

உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க வழிசெய்த 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களும் முகாமையை மாற்றினவேயன்றிக் குறிக்கோளைத் தொடவில்லை. பெரும்பாலான பாடசாலைகளுக்கு அரசே முகாமையாளரான பின்னர் இவ்வெற்றிடம் முன்னையிலும் பாரதூரமானதாயிற்று. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இதற்குத் தக்க சான்றாகும். பாடசாலையிற் சேரும் வயது ஆறாக உயர்த்தப்பட்டது, சமூகக் கல்வியும் தொழின்முன்னிலைப் பாடங்களும் புகுத்தப்பட்டன, க.பொ.த. சாதாரண தரத்தின் இடத்தைத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை பெற்றது. உழைப்பையும் கல்வியையும் இணைக்க முயன்ற இத்திட்டம் குறைகள் பல உடையதெனினும், சிந்தித்து வகுக்கப்பட்ட ஒரு நோக்கினைக் கொண்டிருந்தது என்பதை மறுத்தலரிது. 1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது, சான்றிதழும் மறைந்தது. இத்தனை பெரிய ஆக்கமும் அழிவும், மூலச் சட்டத்திற் குறிக்கோள்பற்றிய ஒரு வாசகத்தையேனும் சேர்க்காமலும் நீக்காமலும் நடந்தேறின.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இக்குறையை ஓரளவு நிரப்பியது எனக் கூறுவாருளர். எழுத்தறிவின்மையை முற்றாக ஒழித்தலும், எல்லா மட்டங்களிலும் கல்விபெறும் சமவாய்ப்பை உறுதிசெய்தலும் அதன் 27ஆம் உறுப்புரையிற் கூறப்பட்டுள்ளன. ஆனால் அவை அரச கொள்கையின் நெறிகாட்டும் தத்துவங்கள். எந்த நீதிமன்றிலும் வலியுறுத்தப்பட முடியாதவை என 29ஆம் உறுப்புரை வெளிப்படையாகக் கூறுகின்றது. மாறாக, தேசிய மொழிகளுள் ஒன்றின் மூலம் கல்விபெறும் உரித்தினை வழங்கும் 21ஆம் உறுப்புரை மொழி உரிமையாதலின், அது மீறப்படுமிடத்து உயர் நீதிமன்றை நாடலாம். இவ்வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. தமிழ் மாணவன் தமிழிற் கற்பிக்கப்படுதலைச் சட்டம் காக்கும். அவனுக்குத் தமிழிற் கற்பிக்கப்படுவது யாது, அதில் அவனுடைய ஊரும் வரலாறும் எவ்வளவு இடம்பெறுகின்றன என்னும் வினாக்களோ அக்காப்பிற்குப் புறம்பானவை. வேற்றுமொழியில் வகுக்கப்பட்ட பாடநூலொன்று மொழிபெயர்க்கப்பட்டு அவன் கையை அடையுமாயினும் சட்டத்தின் எழுத்து நிறைவேறிவிடும்.

1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தேசிய கல்வி நிறுவகத்தையும், 1991ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தேசிய கல்வி ஆணைக்குழுவையும் தோற்றுவித்தன. குறிக்கோள்கள் தெளிவான உருப்பெற்றது ஆணைக்குழுவின் 1992ஆம் ஆண்டு அறிக்கையிலேயாம். தேசிய ஒருமைப்பாடு, சமூக நீதி முதலாக ஒன்பது குறிக்கோள்களும் ஐந்து அடிப்படைத் தேர்ச்சிகளும் அதில் வகுக்கப்பட்டன. பின்னர் 2003இல் அவை திருத்தியமைக்கப்பட்டன. இவை உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. விதப்புரைகளாகவும் கொள்கைப் பிரகடனங்களாகவும் நிற்பதே இவற்றின் குறைபாடு. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் மாணவரின் ஆன்மிக, ஒழுக்க, பண்பாட்டு, உள, உடல் வளர்ச்சியைச் சட்டவாசகமாகவே எழுதியது. அவ்வாசகம் பொதுப்படையானது என்னும் கண்டனம் நியாயமானதே. எனினும் அதனை மாற்ற விரும்புவோர் பாராளுமன்றில் எழுந்து காரணங் கூறவேண்டும்.

கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி 1998 முதல் ஐந்து வயது தொடக்கம் பதினான்கு வயது வரையிலானோரைப் பாடசாலையில் இருக்கச் செய்தது. 2016இல் அவ்வெல்லை பதினாறாக உயர்ந்தது. வருகை மட்டும் சட்டத்தின் பிடிக்குள் இறுக, குறிக்கோள் ஆசிரியர் வழிகாட்டி நூலின் முன்பக்கங்களில் அச்சாகி நின்றுவிடுகின்றது. அப்பக்கங்களை விரைவிற் புரட்டிவிட்டு, கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களை எடுக்கும் ஆசிரியரைக் குறைகூறுவது எளிது. அவரிடம் கணக்குக் கேட்பது பரீட்சைப் பெறுபேறு ஒன்றே.