கருப்பையை எடுக்குமுன்

தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்க மத்திய அரசு 2022இல் நெறிமுறைகள் வகுத்தது. மூன்று மாதங்களுக்குள் மாநிலங்கள் அவற்றை ஏற்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு என்பது நல்ல ஏற்பாடே. ஆனால் குழு ஆராய்வது பெரும்பாலும் நடந்து முடிந்த அறுவையை! பெரம்பலூர்ப் பருத்திக் காட்டிலும் அரியலூர் முந்திரித் தோப்பிலும் கூலிவேலை செய்யும் பெண்ணுக்கு வேண்டியது அதற்கு முந்திய விளக்கம். மாதவிலக்கில் மிகும் உதிரப்போக்கை டிரானெக்சமிக் அமில மாத்திரை பலருக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் அதைவிட மிகுதியாகக் குறைக்கும். புற்றுநோய் என்றால் கதை வேறு. இவற்றைச் சொல்லாமல் வாங்கும் கையொப்பத்தைச் சம்மதம் என்பதெப்படி? சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பார்களா என்றும் அவர் கேட்கட்டும். இளவயதில் அவை போனால் எலும்பு விரைவில் மெலியும்.