எழுவாய் இல்லாத வாக்கியம்

பத்திரிகைகள்மீது அரசியல் தலைவர்கள் தொடுக்கும் வழக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: கடைசியில் யார் ஜெயித்தார்கள்? கேள்வியே சரியில்லை என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாட்டில் பேர் பெற்ற வழக்குகளை எண்ணிப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் அதிகாரத்தில் இருந்தவர்கள்தான் தோற்றிருக்கிறார்கள். அப்படியும் வழக்குகள் குறைந்தபாடில்லை. ஒருவன் தோற்றுத் தோற்று அதே வியாபாரத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்றால், நம் கண்ணுக்குத் தெரியாத லாபம் ஏதோ அதில் அவனுக்குக் கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த லாபம் என்ன என்று கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் பலருக்கும் தெரிந்த கதை. 1987 மார்ச் 29 தேதியிட்ட 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வெளிவந்தது. மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஒருவரைப் பிக்பாக்கெட்டுக்கும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரருக்கும் ஒப்பிட்டு அடையாளம் சொல்கிறார் இன்னொருவர். அவ்வளவுதான். யார் பேரும் இல்லை. எந்தக் கட்சி என்றும் இல்லை. சட்டமன்றத்துக்குக் கோபம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேள் என்றார்கள். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4-ஆம் தேதி அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள்.

அப்போது சபாநாயகராக இருந்தவர் எங்கள் நெல்லைச் சீமைக்காரர், சேரன்மாதேவித் தொகுதியின் பி.எச். பாண்டியன். சபாநாயகரின் அதிகாரம் வானளாவியது என்று சொல்லி அந்தச் சொல்லை ஊரெல்லாம் வழங்கச் செய்தவர். ஆனால் எழுந்த கண்டனத்தில் வானம் சில நாளிலேயே கீழே இறங்கிவிட்டது, ஆசிரியர் விடுதலையானார். அவர் அத்துடன் விடவில்லை. ஹைகோர்ட்டுக்குப் போனார். 1994-ல் அவர் பக்கம் தீர்ப்பாகி, 1000 ரூபாய் நஷ்டஈடும் கிடைத்தது.

2003-ல் அதே சட்டமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அந்த வருஷம் ஏப்ரலில் முதலமைச்சர் ஜெயலலிதா சபையில் பேசியதைப் பற்றி 'இந்து' நாளிதழ் எழுதிய செய்திகளும், பின்னர் எழுதிய தலையங்கமும் உரிமை மீறல் என்று முடிவு செய்தார்கள். நவம்பர் 7-ஆம் தேதி அந்தப் பத்திரிகையைச் சேர்ந்த ஐந்து பேருக்கும், தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்டதற்காக 'முரசொலி' ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை விதிக்கப்பட்டது. போலீஸார் 'இந்து' அலுவலகத்துக்கே போய்த் தேடினார்கள். நவம்பர் 10-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தடை உத்தரவு போட்டது.

கதை எழுதுகிறவனான என் கவனத்தை இழுப்பது தண்டனை அல்ல, குற்றம். முதலமைச்சர் பேசாததைப் பேசினதாக எழுதிவிட்டார்கள் என்பதல்ல பிரதானப் புகார். 'பேசினார்' என்று எழுதாமல், 'சீறினார்', 'கொதித்தார்', 'உரத்த குரலில் சொன்னார்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் போட்டார்கள் என்பதுதான். ஒரு வினைச்சொல்லுக்குப் பதினைந்து நாள்! 'என்றான்' என்பதை எடுத்துவிட்டு 'என்று உறுமினான்' என்று போட்டால் பாத்திரத்தின் முகமே மாறிவிடும் என்பது நாவலாசிரியர்களுக்குத் தெரியும். சட்டமன்ற உரிமைக் குழுவினருக்கும் தெரிந்திருக்கிறது. நம் இலக்கிய விமரிசகர்கள் பலரைவிட அவர்கள் கூர்ந்து படிப்பவர்கள் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு விவகாரங்களிலும் ஆட்சியாளரைச் சுட்டது புள்ளிவிவரம் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஊழல் கணக்கைப் போட்டால் அதற்குப் பதில் கணக்கு ஒன்று காட்டலாம். சிரிப்புக்குப் பதில் கணக்குக் கிடையாது. டீக்கடைப் பெஞ்சில் பேப்பர் படிக்கிறவர் கோடிகளை மறந்துவிடுவார். பிக்பாக்கெட்டை மறக்க மாட்டார்.

சட்டமன்றக் கோபத்தால் பத்திரிகாசிரியர்கள் வீரர்களாகிவிட்டார்கள். இது ஆட்சியாளர்களுக்கும் புரிந்துபோயிற்று போலும். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டார்கள். ரம்பம் என்று நான் சொல்வது அவதூறு வழக்கை. சாதாரண மனிதன் ஒருவன் தன் மானம் போயிற்று என்று குற்ற வழக்குத் தொடுக்க வேண்டுமானால், தானே மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்று பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மந்திரிக்கு அந்தச் சிரமம் இல்லை. அவருடைய பதவிக் காரியத்தைப் பற்றிய அவதூறு என்றால், அரசின் அனுமதியோடு அரசு வக்கீலே நேராகச் செஷன்ஸ் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) பிரிவு வழி செய்திருந்தது. புதிய சட்டத்திலும் அந்த வழி அடைபடவில்லை. மானம் மந்திரியுடையது, செலவு கஜானாவுடையது. எதிர்க்கட்சியில் நிற்கிற பத்திரிகைக்காரனோ தன் பணத்தில் வக்கீல் வைத்து, தன் காசில் பஸ் ஏறி, வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்க வேண்டும்.

2016 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் முன் ஒரு கணக்கு வந்தது. ஐந்து வருஷத்தில் தமிழ்நாடு அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் 213. அவற்றில் 55 பத்திரிகை, தொலைக்காட்சிகளின் மேல். பொதுவாழ்வில் இருப்பவர்கள் விமரிசனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் அறிவுரை சொன்னார்கள். அப்படிப்பட்ட வழக்குகளில் ஒரு தொகுதியை 2020 மே மாதத்தில் சென்னை ஹைகோர்ட் ரத்து செய்தது. 2021-ல் ஆட்சி மாறியபின் பத்திரிகையாளர்மீது மிச்சமிருந்த வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகப் புது அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் வழக்குகள் போயினவே தவிர, வழக்குப் போடும் பிரிவு எங்கும் போகவில்லை. வாள் உறைக்குள் இருந்தாலும் இடுப்பில்தான் தொங்குகிறது.

2020 தீர்ப்பில் ஓர் உவமை வருகிறது. அரசு குடிமக்களுக்குப் பெற்றோரைப் போன்றது. பிள்ளைகள் ஏசினாலும் பெற்றோர் அவர்களைத் தள்ளிவிடுவதில்லை என்கிற கருத்து. தீர்ப்பின் நோக்கம் உயர்ந்தது. ஆயினும் உவமையை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெற்றோர் என்றால் பொறுத்தருள்வதும் அவர்கள் இஷ்டம், பிரம்பை எடுப்பதும் அவர்கள் இஷ்டம் என்று ஆகிவிடுகிறது. குடியரசில் அரசாங்கம் நமக்குத் தகப்பன் அல்ல. நம் சொத்தைப் பார்த்துக்கொள்ள நாம் வைத்த காரியஸ்தன். கணக்குக் கேட்டால் காரியஸ்தன் மானம் போயிற்று என்று சொல்ல முடியாது. இந்தக் கருத்துக்குப் பக்கத்தில் வருவது 1994-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன 'நக்கீரன்' வழக்குத் தீர்ப்பு. அரசாங்கம் என்ற ஸ்தாபனம் மானநஷ்டம் கேட்க முடியாது. பதவியில் இருப்பவர் தம் உத்தியோகக் காரியம் பற்றி நஷ்டஈடு கேட்டால், உண்மையைப் பற்றிச் சிறிதும் கவலைப்படாமல் எழுதினார்கள் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது அது. 1964-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், 'நியூயார்க் டைம்ஸ்' வழக்கில் போட்ட பாதையை ஒட்டியது. ஆனால் அது சிவில் வழக்குக்கு. ஆளை ஜெயிலுக்கு அனுப்பும் குற்ற அவதூறு செல்லும் என்று 2016 மே 13-ல் அதே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இலங்கை 2002-லேயே அதைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. நாமோ 2024 ஜூலை 1-ஆம் தேதி புதுச் சட்டம் கொண்டுவந்தபோதும் அதைப் பத்திரமாக 356-ஆம் பிரிவில் குடிவைத்திருக்கிறோம்.

இதெல்லாம் பட்டணத்து விவகாரம், வடகரையில் உட்கார்ந்திருக்கும் உனக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். இங்கிருந்து சில கிலோமீட்டரில் காசிதர்மம் என்ற ஊர் இருக்கிறது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, அந்த ஊர்க் கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸுக்கு மனு நாளன்று போனார். கந்துவட்டிக் கடன். அந்த வாசலிலேயே நால்வரும் தீயில் வெந்து, நால்வரும் இறந்தார்கள். ஏற்கெனவே பலமுறை மனுக் கொடுத்தும் பலனில்லை என்று உறவினர் சொன்னார்கள். கந்துவட்டியைத் தடுக்கிற சட்டம் 2003 முதலே தமிழ்நாட்டில் இருக்கிறது.

மறுநாள் பத்திரிகைகள் வழக்கமான வாக்கியங்களை எழுதின. 'கந்துவட்டிக் கொடுமையால் பரிதாபம்.' 'நடவடிக்கை எடுக்கப்படவில்லை எனக் கூறப்படுகிறது.' யார் எடுக்கவில்லை? வாக்கியத்தில் எழுவாய் இல்லை. கார்ட்டூனிஸ்ட் பாலா என்பவர் அந்த எழுவாயைப் போட்டார். கீழே எரிந்துகிடக்கும் குழந்தை. அதைப் பார்த்து நிற்கும் முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் கமிஷனர். உடம்பில் துணியில்லை, ரூபாய்க் கட்டுகளால் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

படம் பண்பானதா? இல்லை. நான் பத்திரிகாசிரியனாக இருந்தால் நிர்வாணம் இல்லாமல் இதே கருத்தைச் சொல்ல முடியுமா என்று அவரிடம் கேட்டிருப்பேன். அந்தக் குழந்தையின் முகம் போதும், மற்ற உடம்புகள் கண்ணை இழுத்துவிடுகின்றன என்றும் சொல்லியிருப்பேன். இது விமரிசகன் வேலை. போலீஸ்காரர் வேலை அல்ல. கலெக்டர் கொடுத்த புகாரில், அவதூறு என்றும் ஆபாசம் என்றும் பிரிவுகள் போட்டு, நவம்பர் 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அவரைக் கைது செய்து திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. 2021-ல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை வழக்கையே ரத்து செய்தது. ஜனங்களுக்கு ஒழுக்கம் கற்பிப்பது கோர்ட்டின் வேலை அல்ல என்ற கருத்தும் அதில் சொல்லப்பட்டது.

காசிதர்மத்து மனு பலமுறை நடந்தும் நகராத அதே ஆபீஸிலிருந்து, படத்தின் மேல் கொடுத்த புகார் பதின்மூன்றே நாளில் அறுநூறு கிலோமீட்டர் பாய்ந்திருக்கிறது. அந்தப் படம் சொல்ல வந்ததை இதைவிட நன்றாக யாரும் நிரூபித்திருக்க முடியாது.

பத்திரிகைகள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் வாதிக்கவில்லை. 'செய்தி போடட்டுமா, விளம்பரம் தருகிறீர்களா?' என்று கேட்கும் தாள்கள் இங்கேயும் உண்டு. ஒரு வீட்டுப் பெண்ணின் பேரைச் சந்தியில் இழுத்துவிட்டு மறுநாள் ஆறாம் பக்கத்தில் வருத்தம் தெரிவிக்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் நஷ்டஈடு வாங்கச் சிவில் கோர்ட் இருக்கிறது. அது சீக்கிரம் நடக்கும்படி செய்தால் நல்லது. ஆனால் எளியவன் மானத்தைக் காக்க வந்த சட்டத்தை வலியவன் கேடயமாக அல்ல, கோலாகப் பிடித்திருக்கிறான் என்பதுதான் என் புகார்.

இனி லாபக் கணக்குக்கு வருகிறேன். பெரிய பத்திரிகைக்கு வக்கீல்கள் உண்டு. சென்னைக் கார்ட்டூனிஸ்டுக்கு நண்பர்கள் உண்டு. தாலுகா நிருபருக்கு யார்? இங்கே பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், புளியரை வழியாகக் கேரளத்துக்கு அளவுக்கு மீறிக் கல்லும் மணலும் ஏற்றிப் போகும் லாரிகளைப் பற்றி, உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவரைக் குறிப்பிட்டு எழுதினார். பல லட்ச ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. வழக்கு வரவே இல்லை. வரவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. பிறகு அவர் எழுதிய செய்திகளை நான் கவனித்து வருகிறேன். 'லாரிகள் இயக்கப்படுவதாகப் பொதுமக்கள் கூறுகின்றனர்.' 'முக்கியப் பிரமுகர் ஒருவருக்குத் தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது.' தமிழ் பிழையில்லாமல்தான் இருக்கிறது, ஆள்தான் காணோம்.

எங்கள் வடகரைச் செய்திகளில் இன்று தைரியமாக எழுவாய் போட்டு எழுதப்படுவது யானை ஒன்றுதான். 'யானைக் கூட்டம் தென்னையைச் சாய்த்தது, வாழையை மிதித்தது' என்று நேராக எழுதுகிறார்கள். யானை நோட்டீஸ் அனுப்புவதில்லை.

பக்கத்துக் கடையத்தில், 1918-ல் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதி, அரசியலில் இறங்குவதில்லை என்ற நிபந்தனையோடு சுமார் இரண்டு வருஷம் இருந்தார். அப்போது அவர் எழுதியதையெல்லாம் தேடித் தேடித் தொகுத்துவிட்டோம். எழுத நினைத்து விட்டதைத் தொகுக்க எந்த ஆராய்ச்சியாளராலும் முடியாது. வழக்குப் போடுகிறவரின் லாபம் அந்தக் கணக்கில்தான் வரவாகிறது. தீர்ப்பு அதை மீட்டுத் தராது. வெளிவராத வரிக்கு நஷ்டஈடு கேட்க யார் போவார்கள்?

நஷ்டம் நிருபருடையது மட்டுமல்ல, வாசகருடையது. ஆகையால் வாசகர்தான் இதில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். நாளைக் காலை பேப்பரை எடுத்ததும் 'கூறப்படுகிறது', 'எடுக்கப்படவில்லை' என்று முடியும் வாக்கியங்களில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். யார் என்று கேட்டு ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அரையணாக் கார்டின் காலம் போய்விட்டது. ஆனால் கடிதம் வருகிறது என்று தெரிந்தால் ஆசிரியருக்குக் கொஞ்சம் முதுகு நிமிரும். நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் மட்டும்தான் பத்திரிகையைக் கவனமாகப் படிக்கிறார்கள் என்ற நிலைமை நீடிக்கிற வரையில், அவர்கள் தோற்றுக்கொண்டே லாபம் சம்பாதிப்பார்கள்.