மினசோட்டாவுக்கு வந்த ஜாவாப் பையன்

அமெரிக்காவில் பார்த்ததிலேயே உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று யார் கேட்டாலும் நயாகராவைச் சொல்ல மாட்டேன், கிராண்ட் கேன்யனையும் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியைத்தான் சொல்வேன். உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு கல்வியாண்டு மட்டும் தங்கிப் படிக்க வரும் பிள்ளையை அது தன் பிள்ளையாக்கிக்கொள்ளும் அழகு இருக்கிறதே, அதைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கொடுத்துவைத்தவள் நான். மினசோட்டாவில் இருக்கும் எங்கள் வீடு அப்படி வரும் பிள்ளைகளுக்கு ஹோஸ்ட் ஃபேமிலி.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலிருந்து வந்த பையனைப் பற்றிச் சொல்கிறேன். கென்னடி-லூகர் 'யெஸ்' திட்டத்தில் தேர்வாகி வந்தவன். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பிள்ளைகளும் அமெரிக்கக் குடும்பங்களும் ஒரே கூரையின் கீழ் பழக வேண்டும் என்று, செனட்டர்கள் எட்வர்ட் கென்னடியும் ரிச்சர்ட் லூகரும் முன்னின்று 2002-இல் கொண்டுவந்த திட்டம் அது. ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி. செலவு முழுவதும் அமெரிக்க அரசுடையது. பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்கும் மாதாமாதம் பணம் உண்டு. 2001 செப்டம்பரில் அவ்வளவு பெரிய அடி விழுந்த மறு வருடமே, கதவைச் சாத்திக்கொள்ளாமல் 'உங்கள் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்' என்று கேட்கத் தோன்றியதே, அந்த மனசை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கும்.

தன் ஊரில் வெள்ளைச் சட்டையும் சாம்பல் நிறக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, ஒரே வகுப்பில், ஒரே கூட்டாளிகளோடு வருடம் முழுக்க உட்கார்ந்தவன் அவன். ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். இங்கே தலைகீழ். ஆசிரியர் அறையில் இருப்பார், பிள்ளைகள் ஓடுவார்கள். மணி அடித்தால் அடுத்த அறைக்குப் போகச் சில நிமிடம்தான். கணக்குக்கு ஒரு கூட்டம், வேதியியலுக்கு வேறு கூட்டம். 'என் வகுப்பு' என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. கையில் சாப்பாட்டுத் தட்டோடு கேஃபட்டீரியாவில் நின்று, எந்த மேசையில் போய் உட்காருவது என்று தேடுகிறார்களே, அந்த அரை நிமிடம்தான் கஷ்டம்.

அந்த அரை நிமிடத்துக்கு இந்தப் பள்ளிகள் வைத்திருக்கும் மருந்துதான் கிராஸ் கன்ட்ரி. ஆகஸ்ட் நடுவிலேயே, பள்ளி திறப்பதற்கு முன்பே, பயிற்சி தொடங்கிவிடும். புல்வெளி, மேடு, காடு என்று 5 கிலோமீட்டர் ஓட்டம். எங்கள் பள்ளி அணியில் தேர்வு கிடையாது; ஓட வருகிறேன் என்று யார் சொன்னாலும் சேர்த்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் அமெரிக்கப் பள்ளிக்கல்வியின் மிக உயர்ந்த கண்டுபிடிப்பு இதுதான்! போட்டியில் அணிக்கு முதலில் வரும் ஐந்து பேரின் இடத்தை வைத்துத்தான் புள்ளி. ஆனால் பனியன் எல்லோருக்கும் உண்டு, பஸ்ஸில் இடம் எல்லோருக்கும் உண்டு.

நம் பையனுக்கு ஓடிப் பழக்கமே இல்லை. முதல் போட்டியில் கடைசிச் சிலரில் ஒருவனாக வந்தான். ஆனால் முன்பே ஓடி முடித்த பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பாமல், கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று, அவன் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார்கள். பெயர் தெரிந்து மூன்றே வாரம்! மறுநாள் கோச் எல்லோருடைய நேரத்தையும் வாசித்தார். முதலில் வந்தவனுக்கு என்ன குரலோ, அதே குரல்தான் இவனுக்கும். அக்டோபரில் கடைசிப் போட்டி நடந்தபோது அவன் நேரம் பல நிமிடம் குறைந்திருந்தது. நானும் என் கணவரும் எல்லைக்கோட்டுப் பக்கம் நின்று போட்ட கூச்சலில் பக்கத்திலிருந்தவர்கள் எங்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். பள்ளி திறந்த முதல் நாளே கேஃபட்டீரியாவில் அணிப் பிள்ளைகள் கையை ஆட்டிக் கூப்பிட்டதையும் சொல்ல வேண்டும். அவனுக்கான மேசை ஆகஸ்டிலேயே தயாராகிவிட்டது.

மற்றதெல்லாம் தானாக வந்தது. லாக்கர் பூட்டை வலம், இடம், மறுபடி வலம் என்று திருப்ப எங்கள் மகள் வீட்டிலேயே பழக்கிவிட்டாள். ஹோம்கமிங் நடனத்துக்குக் கோட் இரவல் கிடைத்தது. காலையில் கொடி உறுதிமொழி சொல்லும்போது எழுந்து நிற்க வேண்டுமா என்று தயங்கியவனிடம், 'உன் விருப்பம்' என்றார் ஆசிரியர். மாணவனைக் கொடிக்கு வணக்கம் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1943-லேயே சொல்லியிருக்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். அவன் மரியாதைக்கு எழுந்து நின்றான், வாய் திறக்கவில்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு! நவம்பரில் சர்வதேசக் கல்வி வாரம். பதினேழாயிரம் தீவுகள் இருக்கும் தன் நாட்டைப் பற்றி வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசினான். செப்டம்பரில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கவே கூச்சப்பட்ட பையன் அவன்.

மார்ச்சில் ரம்ஜான் நோன்பு வந்தது. அப்போது தடகளப் பயிற்சி தொடங்கியிருந்தது. கோச் தானே கூப்பிட்டு, நோன்பு முடியும்வரை இவனுக்கு எளிய பயிற்சி என்று மாற்றிக்கொடுத்தார். மதிய இடைவேளையில் அவன் நூலகத்துக்குப் போனான். கூட்டாளிகள் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு அங்கே போய் அவனோடு உட்கார்ந்தார்கள். மாலை ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். கீழக்கரைத் தோழி ஒருத்தி பக்குவம் சொல்ல, நான் நோன்புக் கஞ்சி காய்ச்சினேன். 'ஆன்ட்டி, அவங்களையும் கூட்டிட்டு வரட்டுமா?' என்றான். ஆறடி உயர மினசோட்டாப் பையன்கள் எங்கள் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும்வரை ஒருவரும் வாயில் போடவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆசையோடு சொல்கிறேன்: ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வீடு வேண்டாம், தனிக் கட்டில் ஒன்று வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்ப்பார்கள், வீட்டுக்கு நேரில் வந்து பேசுவார்கள். பிறகு மாதந்தோறும் ஒருங்கிணைப்பாளர் விசாரித்துக்கொண்டே இருப்பார். இந்தப் பிள்ளைகள் வரும் விசாவில் ஹோஸ்ட் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. அதுவே எனக்கு ரொம்பப் பிடித்த விதி. யாரும் காசுக்காகத் தன்னை வைத்திருக்கவில்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். முதல் உலகப்போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பாகப் பிறந்ததுதான், இப்படிப் பிள்ளைகளை வீடுகளில் தங்கவைக்கும் ஏ.எஃப்.எஸ். இரண்டாம் போரிலும் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்துவிட்டு, இனி பிள்ளைகளை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் அனுப்பிவைப்போம் என்று 1947-இல் மாணவர்களை வரவழைக்க ஆரம்பித்தார்கள். அந்த வரிசையில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் சேர்வது எவ்வளவு பெரிய பேறு!

வருகிற ஆகஸ்டுக்கும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இந்த முறை கஜகஸ்தான் பெண். முதல் கடிதத்திலேயே, உங்கள் பள்ளியில் பாட்டுக்குழு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இருக்கிறது கண்ணு, ஒன்றல்ல, மூன்று இருக்கிறது! ஒன்றில் குரல் தேர்வுகூடக் கிடையாது.