தன்னானே யாருடையது?

ஏற்காட்டில் ஒரு கோடைகால மேடை. யார் நடத்தியது என்பது முக்கியமில்லை. பெரும்பாலான மேடைகள் இப்படித்தான். சேர்வராயன் மலைக் கிராமமொன்றிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். 'அடுத்து மலையாளிப் பழங்குடியினரின் பாட்டும் ஆட்டமும்' என்றார் அறிவிப்பாளர். பத்து நிமிசம். இறங்கிவிட்டார்கள். பிறகு வந்தது மெல்லிசைக் குழு. அதில் தபேலாக்காரர் வரைக்கும் ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லிக் கைதட்டச் சொன்னார்கள். முன்னவர்களுக்கு இனம் இருந்தது, பேர் இல்லை. பின்னவர்களுக்குப் பேர் இருந்தது, சாதியை யாரும் கேட்கவில்லை.

இது அறிவிப்பாளரின் மறதி அல்ல. எம்.ஏ. தமிழ் படித்த நம் எல்லாருக்கும் மனப்பாடமான இலக்கணம் இது: நாட்டுப்புறப் பாடல் வாய்மொழியாக வருவது, ஆசிரியர் பேர் தெரியாதது. தேர்வுத்தாளில் இரண்டு மார்க். மேடைக்கு வந்ததும் அதே இலக்கணம் அதிகாரமாகிவிடுகிறது. 'தெரியாதது' என்பது 'தெரிந்துகொள்ளத் தேவையில்லாதது' என்றாகிறது. நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுத்தபோது பாட்டைச் சமூக வரலாற்றின் சான்றாகப் படிக்கும் வழி அகலமாயிற்று. அது பெரிய காரியம். ஆனால் சான்று என்று வந்துவிட்டால் பாட்டுதான் பேசும், பாடியவர் அல்ல.

இந்த இடத்தில் வைத்துத்தான் கே.ஏ. குணசேகரனைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இளையான்குடி வட்டார மாரந்தையில் 1955இல் பிறந்து 2016 ஜனவரியில் மறைந்தவர். தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். அதே ஆள் நாட்டுப்புறக் கலைகளின் ஆய்வாளர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியர், பின்னர் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். 'பலி ஆடுகள்' நாடகத்தையும் 'வடு' என்ற தன்வரலாற்றையும் (2005) எழுதியவர். அதாவது சேகரிப்பவனும் சேகரிக்கப்படுபவனும் ஒரே உடம்பில். நாட்டுப்புறவியல் என்னும் துறை எந்தக் கோட்டின் மேல் நிற்கிறதோ, அந்தக் கோட்டை அவர் நடந்தே அழித்தார்.

அவர் குரலில் பரவிய 'மனுசங்கடா' பாட்டை எடுத்துக்கொள்வோம். எழுதியது இன்குலாப். கீழக்கரை இஸ்லாமியக் குடும்பத்தில் சாகுல் அமீதாகப் பிறந்தவர். அவரும் அதே 2016இல், டிசம்பரில் மறைந்தார். ஏற்காட்டில் காப்பித் தோட்ட லயத்து வீடொன்றில் இந்தப் பாட்டை முணுமுணுத்தவரிடம் யார் பாட்டு என்று கேட்டேன். 'யாரு பாட்டுன்னா? நம்ம பாட்டுதாங்க' என்றார். இடதுசாரி அழகியலுக்கு இதைவிட வெற்றி கிடையாது: கவிஞன் மக்களுக்குள் கரைந்துவிட்டான். எனக்கு மட்டும் சின்ன உறுத்தல். பேரில்லாதவர்களுக்குப் பேர் கேட்டு எழுதப்பட்ட பாட்டு, எழுதியவனின் பேரை இழந்துதான் பரவ வேண்டுமா?

பாட்டின் தலைப்பையே பாருங்கள். அந்த 'டா'. ஆண்டை கூலிக்காரனை, வயதில் மூத்தவனாக இருந்தாலும், விளித்த 'டா' அது. அதையே பிடுங்கித் திருப்பி வீசுகிறது பாட்டு. இந்தத் திருப்பம் அச்சில் பாதிதான் நடக்கும். சேரியில் பிறந்த ஒருவன் மேடையில் நின்று, எதிரே எல்லாச் சாதியும் உட்கார்ந்திருக்க, தொண்டையைத் திறந்து அந்த 'டா'வைச் சொல்லும்போதுதான் முழுசாக நடக்கிறது. எழுத்து இன்குலாபுடையது, விளி குணசேகரனுடையது. 'வடு'வில் இளையான்குடி இஸ்லாமியர் நடுவே சாதி உறுத்தாமல் இருந்ததையும், சுற்றுக் கிராமங்களுக்குப் போனதும் அது முன்னால் வந்து நின்றதையும் எழுதுகிறார். அந்த இரண்டு தெருக்களும் இந்த ஒரே பாட்டில் சந்திக்கின்றன என்று சொல்வது மிகையாகாது.

சரி, ஊர்சுற்றல்? நடவுப்பாட்டு வயலில் வேலை, மேடையில் காட்சி. இடம் மாறியதும் பாட்டு செத்துப் பொருட்காட்சிப் பொருளாகும் ஆபத்து எப்போதும் உண்டு. குணசேகரன் கண்ட வழி, பழைய மெட்டைப் புதிய வேலைக்கு அனுப்புவது. கூட்டத்தைத் திரட்டுவதும் வேலைதானே. அமெரிக்காவில் உட்டி கத்ரி 1940இல் தன் புகழ்பெற்ற பாட்டைக் கார்ட்டர் குடும்பத்தார் பாடிய பழைய மெட்டை ஒட்டித்தான் கட்டினார். மெட்டு பொது, சொல் காலத்துக்கானது. குழுவுக்கு 'தன்னானே' என்று பேர் வைத்ததும் தற்செயலல்ல. அகராதிப் பொருள் இல்லாத சொல். பின்பாட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பிடிக்க வேண்டிய இடம் அது.

குறையையும் சொல்லியாக வேண்டும். 1980களுக்குப் பிறகு ஒலிநாடா வந்தது; கூடவே சினிமா. இரண்டும் சேர்ந்து மதுரை, ராமநாதபுரம் பக்கத்துத் தொண்டையையே 'தமிழ் நாட்டுப்புறக் குரல்' என்று நிறுவிவிட்டன. குணசேகரனின் நோக்கம் அதுவல்ல, விளைவு அதுதான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் தனித்தனி மலைகளில் குடியேறினார்கள் என்று தங்கள் தோற்றத்தைச் சொல்லும் மலையாளிகளுக்கு (இவர்கள் கேரளத்தவர் அல்லர், பேசுவது தமிழ்) வேறொரு இழுவை, வேறொரு நிதானம் உண்டு. 1820களில் காக்பர்ன் கலெக்டராக இருந்தபோது காப்பிச் செடி ஏறிய மலை இது. தோட்டங்கள் விரிந்து நிலம் கைமாறிய கதையும் அந்தப் பாட்டுகளோடு சேர்ந்ததுதான். இன்று இங்குள்ள இளைஞர்கள் மேடைக்கென்று பாடும்போது கீழ்நாட்டு நாடாவின் சாயலில் பாடுகிறார்கள். விளிம்பின் குரல் ஒன்று மையமாகும்போது அதற்கும் ஒரு விளிம்பு முளைக்கிறது. தலித் கலை குறித்த நம் விவாதங்களில் அதிகம் பேசப்படாதது இது.

அன்று மேடையிலிருந்து இறங்கிய குழுவில் முன்பாட்டுப் பாடிய அம்மாவைத் தேடிப் போனேன். கட்டுரையில் போடலாம் என்று பேர் கேட்டேன். சிரித்தார். 'எம்பேரு எதுக்குங்க சார்? பாட்டு எங்கூருதுங்க. எம்பேரப் போட்டா மத்தவங்க என்ன நெனப்பாங்க? ஊருப் பேரப் போடுங்க.'

இவ்வளவு நேரம் நான் கட்டிய வாதத்தை அந்த அம்மா ஒரு வார்த்தையில் அசைத்துவிட்டார். பேர் மறுக்கப்படுவதும் பேரை வேண்டாம் என்பதும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனால் கேட்கப்பட்ட பிறகுதானே ஒருவர் வேண்டாம் என்று சொல்ல முடியும்? மேடையில் அவரை யாரும் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் ஊர்ப்பேரைச் சொல்லியிருப்பார். அறிவிப்பாளர் அதையும் சொல்லவில்லை.