தபசுக் காட்சியும் ஓரங்க நாடகமும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் நாடகம் என்றதும் பெரியவர்கள் நினைவுக்கு வருவது கோயில் கொடையில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம்தான். அந்த மரபின் ஆசான், தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். இரவெல்லாம் நீளும் இந்த மரபில் சிறுநாடகத்துக்கு இடமில்லை என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். பாத்திரங்கள் இரண்டே, களம் தினைப்புனம். ஒருவர் முருகனுக்குப் பெண் கேட்டு மல்லுக்கு நிற்கிறார், மற்றவர் பிடிகொடுக்க மறுக்கிறார். ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இந்த மரபில் இருவரும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்திப்பவர்கள். எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாத அந்தப் பதற்றம் சபைக்கும் தொற்றிக்கொள்ளும். கேள்விக்குக் கேள்வி ஏறும் இந்தப் பிடிமானம்தான் ஓரங்க நாடகத்தின் உயிர்.

அடுத்தது சபா மரபு. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். உரைநடை வசனமும் நேரக் கட்டுப்பாடும் படித்தவர்கள் வேஷம் கட்டும் துணிவும் அங்கிருந்து வந்தவை. நம் பள்ளி ஆண்டுவிழா நாடகங்கள் இந்தக் கிளைதான். சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்ததும் அதே 1891இல்தான். ஆனால் அது படித்துச் சுவைக்க எழுதிய கவிதை நாடகம்.

பின்னர் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். தெருக்கூத்துக் கலைஞனின் உடம்பிலிருந்து நவீன நாடகம் கற்க வேண்டும் என்று வாதாடினார். வசனத்தை நம்பியே எழுதிய நமக்கு அது பெரிய திறப்பு. 1980இல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் பட்டறை நடத்தினார். 1984இல் பிரளயன் சென்னைக் கலைக்குழுவைத் தொடங்கினார். திரையும் விளக்கும் இல்லாத வீதி நாடகம் தமிழில் வேரூன்றியது.

நான்கு மரபுகளுக்கும் பொதுவான அளவுகோல் நம் சங்கரன்கோவிலிலேயே இருக்கிறது: ஆடித்தபசுத் திருவிழா. நாக அரசர்கள் இருவரில் சங்கன் சிவனே பெரியவன் என்கிறான். பத்மன் திருமாலே என்கிறான். வழக்கு அம்மையிடம் போகிறது. விடை வேண்டி கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவக்கோலம் கொள்கிறாள். ரத வீதி நிறைந்த கூட்டத்துக்கு நடுவே சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி தருகிறார். பருத்தி, வத்தல், தானியம் என்று விளைந்ததையெல்லாம் சம்சாரிகள் சூறைவிடுகிறார்கள். யார் பெரியவர் என்ற கேள்விக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. பாதி அரனும் பாதி அரியுமான ஒரு திருமேனியே தீர்ப்பு. கேள்வி எல்லோருக்கும் தெரிந்தது, விடை கண்ணுக்கு முன்னே நிகழ்வது, கூட்டமும் அதில் பங்காளி. இதைவிடக் கச்சிதமான சிறுநாடக அமைப்பை நான் பார்த்ததில்லை.

இந்த அளவுகோலை வைத்தால் நம் மாணவர்களின் போட்டி நாடகங்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு நிமிடத்தில் விழுந்துவிடுகின்றன. குடியோ வரதட்சிணையோ, எடுத்த பொருள் எதுவானாலும் முடிவில் ஒருவர் சபையைப் பார்த்துத் திரும்பி அறிவுரை சொல்லத் தொடங்குகிறார். அங்கே நாடகம் போய்ப் பேச்சுப் போட்டி வந்துவிடுகிறது.

முடிவைப் போலவே தொடக்கத்திலும் கவனம் வேண்டும்: சண்டை மூண்ட பிறகு திரையைத் தூக்க வேண்டும். இந்த ஊருக்கு விசைத்தறிச் சத்தம் புதிதில்லை. ஒரு தறிக் கொட்டகையையே களமாக வைத்துக்கொள்ளுங்கள். கூலியைக் குறைத்துப் பேசும் முதலாளியும், மகள் படிப்புக்குப் பணம் கட்ட நாளைக்குள் முன்பணம் வேண்டிய தொழிலாளியும் போதும். “அண்ணாச்சி, போன தீபாவளிக்கே ஏத்தித் தாரேன்னு சொன்னீயளே” என்று ஆரம்பித்தால் உறவும் கடனும் பழைய வாக்கும் ஒரே வரியில் வந்துவிடும். ஆனால் இப்படிப் பேச்சுவழக்கில் எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சி மாணவர்கள் செந்தமிழுக்கு மாற்றிவிடுகிறார்கள். போட்டி நடத்துவோர், வட்டார வழக்குக்கு முழு மதிப்பெண் உண்டு என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும்.