மடற்குழு படிக்க எந்த மென்பொருள்? ஜிமெயிலும் தண்டர்பேர்டும்: ஒரு மதிப்பாய்வு



தாசேக் கெலுகோரில் வடக்கே போகும் கொமுட்டர் ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் சுங்கைப் பட்டாணி. அந்த ஊர்க்காரரான டாக்டர் ஜெயபாரதி, யாகூவில் 'அகத்தியர்' என்ற மடற்குழுவை நடத்தியவர். இலக்கியம், வரலாறு, சொல்லாராய்ச்சி என்று அங்கே எழுதிக் குவித்தார். 2019 டிசம்பரில் யாகூ தன் குழுமங்களில் இருந்த பழைய மடல்களைத் தளத்திலிருந்து நீக்கியது. 2020 டிசம்பர் 15-இல் சேவையையே மூடிவிட்டது. 'இணையத்தில்தானே கிடக்குது, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இருந்தவர்களுக்குத் தளத்தில் தேட ஒன்றும் இல்லாமல் போயிற்று. மடல்களைத் தன் கணினியில் இறக்கி வைத்திருந்தவர் பிழைத்தார்.

அதனால் ஒரு மென்பொருளை எடைபோடும்போது என் முதல் கேள்வி இதுதான்: மடல் கடைசியில் யார் கையில் இருக்கும்? இரண்டாவது கேள்வி: யார் யாருக்குப் பதில் சொன்னார் என்று தெரியுமா?

முதலில் ஜிமெயில். நம்மில் பெரும்பாலோர் அதில்தான் இருக்கிறோம். தேடல் அருமை. 'லிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, குழுவின் முகவரியைக் கொடுத்தால் அந்தக் குழுவின் மடல்கள் மட்டும் வரும். அதையே வடிகட்டியாக்கி, உள்பெட்டிக்குள் நுழையாமல் தனி லேபிளுக்குப் போகச் செய்துவிடலாம். தலைமையாசிரியரின் சுற்றறிக்கையும் குறள் விவாதமும் ஒரே பெட்டியில் முட்டிமோதாது. இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் சூடான விவாதத்தைப் படிக்க ஜிமெயில் சரிப்படாது. அது மடல்களை நேரவரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறது. மூன்றாவது மடலுக்கு வந்த மறுப்பு பதினேழாவதாக நிற்கும். நடுவில் 'நன்று ஐயா', 'வழிமொழிகிறேன்'. ஓர் உரையாடல் நூறு மடலைத் தாண்டினாலும், யாராவது தலைப்பை மாற்றினாலும், இழை அறுந்து புதிதாகத் தொடங்கும். இன்னொன்று, குழுவுக்கு நீங்கள் அனுப்பிய மடல் உங்கள் உள்பெட்டிக்குத் திரும்பி வராது. போகவில்லையோ என்று பயந்து இரண்டாம் முறை அனுப்பி அசடு வழிந்தவர்கள் உண்டு. (அனுப்பியவை பெட்டியைப் பாருங்கள். போயிருக்கும்.)

தண்டர்பேர்டு வேறு ரகம். 2004-இல் முதல் முழுப் பதிப்பு வந்த இலவச மென்பொருள். தோற்றத்தில் கொஞ்சம் பழமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இழையை மரம்போலக் கிளை கிளையாகக் காட்டும். எந்தக் கருத்துக்கு எந்த மறுப்பு என்பது பார்த்தவுடன் விளங்கும். வேண்டாத இழையில் 'கே' விசையைத் தட்டினால் அது கண்ணில் படாது. 'டபிள்யூ' தட்டினால் தொடர்ந்து கவனிக்கும். ஒரு நாளைக்கு அறுபது மடல் வரும் குழுவில் இந்த இரண்டு விசைகள்தான் உங்களைக் காப்பாற்றும்.

பதிலிடுவதற்கும் மூன்று தனிப் பொத்தான்கள் உண்டு: எழுதியவருக்கு, எல்லாருக்கும், குழுவுக்கு. இது சின்ன விஷயமில்லை. டிப்ளோமா படித்த காலத்தில் ஒரு நண்பருக்கு மட்டும் எழுத நினைத்த குறையை நான் குழு முழுவதற்கும் அனுப்பித் தொலைத்தேன். பெரியவர் ஒருவர் மிகப் பண்பாகப் பதில் போட்டார். அந்தப் பண்புதான் இன்னும் குத்துகிறது.

இதன் குறை என்னவென்றால், முதல்நாள் அமைப்பு வேலை கைப்பேசியே கதி என்று இருப்பவர்களைச் சோதிக்கும். அதைவிட ஏமாற்றும் ஒன்று உண்டு. தண்டர்பேர்டில் மடல் தெரிகிறது என்பதால் அது உங்களிடம் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். ஐமேப் முறையில் இணைத்திருந்தால் நீங்கள் பார்ப்பது வழங்கியின் நிழல்தான். அங்கே அழிந்தால் இங்கேயும் போய்விடும். காக்க வேண்டிய இழைகளை 'உள்ளகக் கோப்புறைகள்' பகுதிக்கு நகலெடுக்க வேண்டும். அது எம்பாக்ஸ் என்னும் எளிய உரைக்கோப்பாகக் கணினியில் சேமிக்கிறது. நாளைக்குத் தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் வேறொன்றில் திறக்கலாம். தவணை விடுமுறைக்கு ஒருமுறை அதை ஒரு விரலியில் போட்டு வைப்பது என் வழக்கம்.

மடல் குவிகிறதே என்று பலர் கூகுள் குழுமத்தில் தொகுப்பு மடலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். இருபத்தைந்து மடல்வரை ஒரே மடலாக வந்து விழும். எந்த மென்பொருளாலும் அப்புறம் இழை பிரிக்க முடியாது. தனித்தனியாக வரவிட்டு வடிகட்டுவதே மேல்.

பழைய சேகரிப்பில் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிகோடு பரவுமுன் எழுதிய மடல்கள் பல திஸ்கியிலோ ரோமன் எழுத்திலோ இருக்கும். திஸ்கி மடல் இன்று திறந்தால் புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று மடலை அழித்துவிடாதீர்கள். என்.எச்.எம். மாற்றி போன்ற கருவியில் ஒட்டினால் தமிழ் திரும்பும். ஆனால் மாற்றி வைக்காத மடல் எந்தத் தேடலிலும் அகப்படாது. 'குறள்' என்று தேடி, ஒன்றுமில்லை என்று வந்தால், அந்தப் பதிலை முழுதாக நம்பாதீர்கள்.

எஸ்.பி.எம். எழுதப்போகும் தம்பி தங்கைகளே, இது ஆசிரியர்களுக்கு மட்டுமான சமாச்சாரமல்ல. மின்தமிழ் போன்ற ஒரு குழுவில் முப்பது மடல் ஓடிய ஒரு விவாதத்தைத் தண்டர்பேர்டின் கிளைக் காட்சியில் திறந்து, யார் சான்று காட்டினார், யார் குரலை மட்டும் உயர்த்தினார் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். விவாதக் கட்டுரை எழுத என் படிவம் ஐந்து மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இது. சென்ற முறை அதிகம் பேர் குறித்துக் காட்டியது பன்னிரண்டாவது மடலை. அதில் இருந்தது நான்கே வரி.